தட்டின் ஓரம்

மார்ச் 5, புதன்

இன்று திருநீற்றுப் புதன். என் கணவரின் அக்கா ப்ளோரின் மதினி, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த சாம்பலை தன் அப்பாவான என் மாமாவின் நெற்றியில் வைத்தார். "ஏட்டி ஜெசிந்தா, நீயும் காட்டு" என்று எனக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். தவக்காலம் தொடங்கிவிட்டது.

நேற்று ஆஸ்பத்திரியில் மாமாவை எடை போட்டார்கள். நாற்பத்தேழு கிலோ. டிசம்பரில் பக்கவாதம் வந்தபோது அறுபதுக்குப் பக்கத்தில் இருந்தவர். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி, எத்தனையோ கப்பல்களைத் தள்ளிக் கரை சேர்த்தவர். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஈஸ்டர் முடிஞ்ச திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள நாற்பத்தஞ்சுக்குக் கீழ போயிட்டா குழாய்தான்."

குழாய் என்றதும் மாமாவின் இடது கை என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. டிசம்பரில் மூக்கு வழியாக விட்ட குழாயை இரண்டு தடவை பிடுங்கி எறிந்தார். அசைகிற அந்த ஒரு கையையும் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். கட்டிய கையோடு அவர் என்னைப் பார்த்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "இனி குழாய் போட விடமாட்டேன் மாமா" என்று அன்று வாக்குக் கொடுத்தேன். பேச்சு போய் அவருக்கு மிஞ்சியது "சரி" என்ற ஒரே வார்த்தை. வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. அன்றைக்கும் "சரி" என்றார்.

என் கணவர் டெரன்ஸ் கப்பல் வேலையில் இருக்கிறார், ஜூனில்தான் வருவார். ஏழு மாத ஆன்சி எப்போதும் என் இடுப்பில். ஈஸ்டருக்குள் மாமாவைச் சாப்பிட வைக்க வேண்டும். எழுதினால் பயம் கொஞ்சம் அடங்குகிறது. அதற்காகத்தான் இது.

மார்ச் 7, வெள்ளி

வாரம் முழுவதற்கும் சாப்பாட்டுத் திட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். உப்பு குறைவு. கட்டி இல்லாமல் மசிந்திருக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் புரையேறிவிடும், கூழ் பதம் வேண்டும். பெரிய சாப்பாடாக வைக்காமல் சின்னச் சின்னதாக. உப்பு குறைந்த இடத்தில் எலுமிச்சையும் இஞ்சியும். வயதானவர்களுக்கு நாக்குக்கு முன்னால் மூக்கு சாப்பிட வேண்டுமாம். அதனால் பரிமாறும்போதுதான் தாளிக்கிறேன்.

காலை: தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம். பாதி சாப்பிட்டார். மதியம்: குழைந்த சோறு, பருப்பு, முள் எடுத்த விளமீன். பாதி. மாலை: கருப்பட்டி போட்ட கேழ்வரகுக் கூழ். பாதி.

அவர் நாற்காலியிலிருந்து அடுப்படி நேராகத் தெரியும். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு நான் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஊட்டிவிடப் போனால் வாயை இறுக்கிக்கொள்கிறார். தன் கையால்தான் சாப்பிடுவார்.

மிச்சம் வைத்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்று நானே முடித்துவிட்டேன். ஒருத்திக்காக உலை வைப்பதா? அவர் ஒரு பக்கத்தைத் தொடுவதே இல்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது. நுண்ணுயிரியல் படித்தவள் செய்கிற காரியமா என்று என் கல்லூரித் தோழிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து மதினி சாளை மீன் குழம்பு கொண்டுவந்தார். ஆன்சியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, "நீயும் உக்காருட்டி. மூஞ்சியப் பாரு, காஞ்ச கருவாடு மாதிரி. தின்னு மொத" என்று மாமாவுக்கு எதிரில் என்னை உட்கார வைத்தார். பல நாள் கழித்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மாமா தட்டை வழித்துவிட்டார். குழம்பைத் தொட்டு நக்கினார்!

மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? கை ராசி வேணும். நீ ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி ஆக்கிப் போட்டா யாரு திம்பாவ?"

சிரித்து வைத்தேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிரச்சினை என் சமையல் என்றால் ஒருவகையில் நல்லதுதானே, திருத்திக்கொள்ளலாம். குழம்பின் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

அதே சாளை, அதே புளி, அதே மண்சட்டி. பாதி வைத்துவிட்டார். அதுவும் மீனையெல்லாம் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, வெறும் சோற்றைத் தின்றுவிட்டு.

மார்ச் 12, புதன்

பாதி.

மார்ச் 15, சனி

வட்டலப்பம் செய்தேன். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய். ஆவியில் வெந்து வழுக்கிக்கொண்டு போகிற பதம். விழுங்கச் சிரமமே இல்லை, அவ்வளவும் சத்து. கொழும்புக்குப் போய்வந்த காலத்திலிருந்து மாமாவுக்கு உயிர் என்று டெரன்ஸ் சொல்லியிருக்கிறார். கிண்ணத்தை முன்னால் வைத்ததும் மூக்கை நீட்டி முகர்ந்தார். கண் மின்னியது.

இரண்டு ஸ்பூன். மூன்று. பிறகு ஸ்பூனின் விளிம்பால் நடுவில் கோடு கிழித்தார், நிலத்துக்கு எல்லை போடுவது போல. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததைச் சாப்பிட்டார். அந்தப் பக்கத்தைத் தொடவில்லை.

"இன்னும் கொஞ்சம் மாமா. பிடிக்கும்ல?"

"சரி" என்று கிண்ணத்தைத் தள்ளினார்.

"ஒரே ஒரு வாய்."

"சரி, சரி." இன்னும் தள்ளினார்.

வீணாக்க மனம் வரவில்லை. தொட்டியோரம் நின்று தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் ஆத்திரம்.

மார்ச் 19, புதன்

டெரன்ஸ் வீடியோவில் வந்தார். நெட் சரியாகக் கிடைக்காமல் முகம் உறைந்து உறைந்து நின்றது. "அப்பா எப்படி இருக்காவ?" என்றார். "நல்லா சாப்பிடுறாங்க" என்றேன். "நீ?" என்றார். "நானும்தான்." போனை மாமாவிடம் காட்டினேன். அவர் மகனின் முகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "சரி! சரி!" என்று சத்தம் போட்டார். கன்னம் குலுங்கியது. டெரன்ஸ் பயந்துபோய், "என்ன சொல்லுதாவ?" என்றார். "உங்களப் பாத்த சந்தோசம்" என்றேன்.

கடல் நடுவில் இருப்பவரிடம் வேறு என்ன சொல்வது?

மார்ச் 23, ஞாயிறு

மதினிக்குப் புது எண்ணம் தோன்றியிருக்கிறது. "அப்பா அம்மாவுக்காக ஒருசந்தி இருக்காவட்டி. தவக்காலம்லா. ஒரு நேரச் சாப்பாட்டோட நிறுத்திக்கிடுதாவ, நீதான் வெளங்காம கெடக்க." எனக்கும் அது சரியென்று பட்டது. மாமி, ஆன்சி பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு போய்விட்டார். பங்குச் சாமியாரையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார் மதினி. நற்கருணை கொடுத்துவிட்டு, "நோயாளிங்களுக்கு ஒருசந்தி கிடையாதுய்யா. நல்லா சாப்பிடணும். பால் குடுக்கிற தாய்மாருக்கும் கிடையாது, தெரியுமா?" என்று என்னையும் பார்த்துச் சிரித்தார். மாமா "சரி" என்றார். அடித்துச் சொன்ன சரி.

மதியம் மதினி அவசரமாகக் கிளம்பிப் போனதும் சோறு வைத்தேன். பாதி.

போவதற்கு முன்னால் மதினி பழைய கதை பேசினார். மாமி கடைசிவரை மாமா சாப்பிட்ட தட்டில்தான் சாப்பிடுவாராம். "நாங்க கேலி பண்ணுவோம். அப்பா என்ன செய்வாவன்னா, நல்ல துண்டா, சினையா, தலையா, எல்லாத்தையும் தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சிட்டு எந்திச்சிருவாவ. வாயத் தொறந்து 'நீ தின்னு'ன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. அம்மாவும் கேட்டதில்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பெண் வாழ்நாள் முழுக்க ஆணின் மிச்சத்தைத் தின்று வாழ்ந்ததைப் பாசக் கதையாகச் சொல்கிறார்கள். நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

இன்று நானே ஒருசந்தி இருந்தேன். சாமியார் சொன்னது தெரியும். ஆனாலும் யாரிடமாவது எதையாவது கொடுத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. மாமா மிச்சம் வைத்த சோற்றைக் குப்பைக் கூடையில் கொட்டினேன்.

திடீரென்று கூடத்தில் பெரும் சத்தம். மாமா ஸ்பூனால் மேசையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. கண்ணில் நீர். தூங்கிய ஆன்சி அலறி எழுந்தாள். "என்ன மாமா? வலிக்குதா? ஒன்னுக்கு வருதா?" எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி. அடுப்படியைக் காட்டிக் காட்டி அடித்தார். கேஸ் கசிகிறதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மூளை இன்னும் கொஞ்சம் பாதித்திருக்கிறதோ? இதை மதினியிடம் சொல்லக் கூடாது.

ஏப்ரல் 2, புதன்

நாற்பத்தைந்தரை.

மாமாவை எடை போட ஆஸ்பத்திரிக்குப் போனதால் ஆன்சியையும் தடுப்பூசிக்குக் காட்டினேன். போன மாதத்திலிருந்து ஒன்றும் ஏறவில்லை என்று நர்ஸ் அட்டையைத் தட்டிக் காட்டினார். "பால் பத்துதாம்மா? நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

எல்லாம் சாப்பிடுகிறேன் என்றேன். பொய்யில்லையே. இடியாப்பம், மீன், வட்டலப்பம், கூழ்.

குழந்தை இரண்டு பக்கமும் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறாள். வெயில் காரணமாக இருக்கும். இந்த வீட்டில் இரண்டு பேர் மெலிந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சாப்பாடு போடுகிறவள் நான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

குளியலறையில் கால் வழுக்கிவிட்டது. தரை காய்ந்துதான் இருந்தது, செருப்பு தேய்ந்திருக்கும். நல்லவேளை, கையில் ஆன்சி இல்லை. கண்ணைத் திறந்தபோது ஓடுகளுக்கு நடுவே உள்ள கோடுகள் தெரிந்தன. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை. வெளியே மாமாவின் குரல், "சரி... சரி... சரி..." நாற்காலியிலிருந்து எழ முயன்று பாதி சரிந்து தொங்கிக்கொண்டிருந்தார். தூக்கி உட்கார வைத்தேன். என் நெற்றி வீக்கத்தை இடது கையால் தொட்டுப் பார்த்தார்.

மதினிக்கு இன்று ஏதோ பயிற்சி வகுப்பு. வராதது நல்லதாகப் போயிற்று.

இன்றைய மதியச் சாப்பாட்டில் மாமா கால் பங்குகூடச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நுங்கை மசித்துக் கொடுத்தேன். நான்கு ஸ்பூன். போதுமா ஆண்டவரே?

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்து ஞாயிறு. மதினி குருத்தோலையில் மடித்த சிலுவையை மாமாவின் சட்டைப்பையில் செருகினார். செருகிய கை அப்படியே நின்றுவிட்டது. நெஞ்செலும்பு கையில் தட்டியிருக்க வேண்டும்.

அடுப்படிக்கு வந்து மெல்லிய குரலில் சொன்னார். "ஒன்ன ஒன்னும் சொல்லல ஜெசிந்தா. நீ படுத பாடு தெரியும். ஆனா எங்கப்பா பட்டினியில சாவக் கூடாது. திங்கட்கிழமைக்கெல்லாம் காக்க வேண்டாம். பெரிய வெள்ளி கழிஞ்சதும் ஆஸ்பத்திரியில சேத்துருவோம். குழாய் போடட்டும்."

"கையக் கட்டுவாங்க மதினி."

"கட்டட்டும். உசுரு இருக்கும்லா."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் அழுதார்.

திட்டத்தை ஃபிரிட்ஜிலிருந்து கிழித்தேன். அதன் அடியில் இன்னொன்று, அதன் அடியில் இன்னொன்று. எத்தனை வாரச் சமையல்! ஒன்றிலாவது ஆன்சிக்கும் மாமாவுக்கும் வேறு வேறு நிறத்தில் கோடு போடாமல் விட்டிருக்கிறேனா? என்ன விட்டுப்போயிற்று?

ஏப்ரல் 16, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

சந்தையில் பால்சுறா கிடைத்தது. வேகவைத்து, தோல் உரித்து, உதிர்த்து, இஞ்சி பூண்டு தட்டிப்போட்டு, நல்லெண்ணெயில் புட்டாகக் கிளறினேன். முள் இல்லை, மெல்ல வேண்டியதில்லை. இதுதான் என் கடைசிச் சீட்டு. வீடே மணத்தது. குழைந்த சோற்றை நடுவில் வைத்து, புட்டைச் சுற்றிலும் வைத்தேன். கொஞ்சம் மட்டும் வைத்தால் பாதியில் நிற்கிறாரே என்று சட்டியில் இருந்த முழுவதையும் வைத்தேன்.

மாமா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்பூனை எடுத்து, ஒரு துணுக்குக்கூட ஒட்டாமல், புட்டு முழுவதையும் மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினார். ஒரு உதிரி சோற்றில் விழுந்தது, அதையும் தேடி எடுத்து ஓரத்தில் சேர்த்தார். பிறகு வெறும் சோற்றை இரண்டு வாய் தின்றுவிட்டு ஸ்பூனை வைத்தார்.

நான் கத்தினேன். இதுவரை யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை.

"என்னதான் வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன்! நாளைக் கழிச்சு மறுநாள் கையக் கட்டிப் போடப் போறாங்க, தெரியுமா? நான் எதைத்தான் ஆக்கிக் கொடுக்கட்டும்? என்னையே வெட்டி ஆக்கட்டுமா?"

ஆன்சி வீறிட்டாள். தூக்கிப் பாலுக்கு வைத்தேன், இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி அழுதாள். என்னால் நிற்க முடியவில்லை. மாமாவுக்கு எதிரில் இருந்த நாற்காலியில் விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. ஆன்சியைக் காட்டினார். என்னைக் காட்டினார். இடது உள்ளங்கையைத் தட்டின் விளிம்பில் வைத்து, மேசைமேல் உரச உரச என் பக்கம் தள்ளினார். புட்டு இருந்த ஓரம் எனக்கு நேராக வந்து நின்றது. பிறகு கையை நீட்டி அடுப்படித் தொட்டியைக் காட்டினார். தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டினார்.

"சரி" என்றார்.

தொட்டியோரம். தினமும் நான் நின்று தின்கிற இடம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று செய்து கொடுப்பது சுறாப்புட்டு. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை.

வட்டலப்பத்தின் கோடு. சாளை. அந்த வெள்ளிக்கிழமை நான் குப்பையில் கொட்டிய சோறு. நான் விழுந்த நாளில் கால் பங்கு. நான் நல்லதாகச் செய்யச் செய்ய, அவர் அதிகமாக ஒதுக்கியிருக்கிறார். இந்த வீட்டில் எனக்கென்று உலை வைக்கவில்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரிடம் இருந்ததோ ஒரு வார்த்தையும் ஒரு தட்டும்.

புட்டைத் தின்றேன். அழுகையோடு விழுங்கினால் தொண்டையில் நிற்கும், எனக்கும் புரையேறியது. அவர் தன் தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தினார். கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கிய தண்ணீர். அதையும் குடித்தேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இரண்டு தட்டு வைத்தேன். உலையில் இரண்டு ஆள் அரிசி. எதிரில் உட்கார்ந்தேன். ஆன்சி பாயில்.

மாமா நம்பவில்லை. என் தட்டை எட்டிப் பார்த்தார். தன் தட்டிலிருந்து விளமீன் துண்டை எடுத்து என் தட்டில் போட்டார். நான் திருப்பிப் போட்டேன். அவர் மறுபடி போட்டார். "எனக்கு இருக்கு மாமா, பாருங்க" என்று சட்டியையே சாய்த்துக் காட்டினேன். சட்டிக்குள் குனிந்து பார்த்தார், மீன்காரியிடம் எடை பார்ப்பது போல. பிறகும் நான் முதல் வாய் வைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு, அசைகிற கையால் அசையாத கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தார். தின்றேன். தின்றார். முக்கால் தட்டு. பழக்கம் விடுமா, ஓரத்தில் ஒரு துண்டு இருந்தது.

மாலையில் மதினிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், குளியலறையையும் சேர்த்து. "கோட்டிக்காரி, கோட்டிக்காரி" என்றார். "திங்கட்கிழமை வரைக்கும் பாப்போம்."

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஊரே ஒருசந்தி. கோவிலில் சிலுவைப்பாதை, ஒலிபெருக்கியில் பாட்டு இங்கே வரை கேட்டது. நாங்கள் காலையில் சாப்பிட்டோம், பதினொரு மணிக்குச் சாப்பிட்டோம், மதியமும் சாப்பிட உட்கார்ந்தோம். கஞ்சி, பயறு, தேங்காய்த் துவையல். கஞ்சியைக் கெட்டியாக வைத்திருந்தேன்.

கறுப்புச் சேலையோடு மதினி உள்ளே வந்தார். பசியில் முகம் வாடியிருந்தது. எங்கள் இரண்டு பேரின் தட்டையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, ஆண்டவர் சிலுவையில தொங்குதாரு. மாமனும் மருமகளும் விருந்தா சாப்புடுதிய?"

"சரி" என்றார் மாமா, வாய் நிறைய.

மதினி ஆன்சியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். முந்தானையால் முகத்தைத் துடைத்தது தெரிந்தது.

திங்கட்கிழமை எடை முள் எங்கே நிற்குமென்று தெரியாது. நான்கு நாளில் என்ன ஏறிவிடும்? நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாய்க்கும் வேண்டிக்கொள்கிறேன். கையைக் கட்ட வந்தால் நான் நடுவில் நிற்பேன். நிற்கக் காலில் கொஞ்சம் பலம் வேண்டும், அதற்கும் சேர்த்துச் சாப்பிடுகிறேன்.

பாத்திரம் கழுவத் தொட்டிக்குப் போனேன். மாமாவின் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில்கூட ஒரு பருக்கை இல்லை. இன்று அவர் தட்டில் எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை.